அவர் இறங்காத கடல்

என் அகத்துக்காரர் பட்டணம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கூட்டிப்போன தூர தேசம் பக்கத்து ஊர் ஐயம்பேட்டை. அதுவும் துக்கம் விசாரிக்க.

சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய தெருவில் எங்கள் அகம். அவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரியிடம் வேலை. தறியிலிருந்து அறுத்த புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு அடிக்கடி சென்னப்பட்டணம் போவார். பெரிய மனிதர்கள் வீட்டுக் கூடத்தில் விரித்துக் காட்டி விற்றுவிட்டு வருவார். வந்ததும் டிராம் வண்டி, மின்சார விளக்கு என்று அளப்பார். நானும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தத் தை மாதம் கேட்காமலே அவராகக் கூப்பிட்டார். முதலில் பட்டணம், பிறகு மகாபலிபுரம், தை அமாவாசையன்று அங்கே சமுத்திர ஸ்நானம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குக் குழந்தை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் தெருவில் என்னைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அரசமரத்தைச் சுற்றியாயிற்று, நாகப்பிரதிஷ்டை செய்தாயிற்று, லேகியம் தின்று நாக்கு செத்தாயிற்று. சில மாதங்களாக அவர் க்ஷவரத்தை நிறுத்தித் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்குத் திருப்பதிக்கு வேண்டுதல் என்றார். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. நமக்கு வேறு என்ன வேண்டுதல் இருக்கமுடியும்? என் வயிறு திறக்க வேண்டும் என்பதற்காக இந்த மனிதர் முகமெல்லாம் முள்ளாக அலைகிறாரே என்று நான் உருகிப்போனேன்.

செங்கல்பட்டில் ரயில் மாறிப் பட்டணம் போய்ச் சேர்ந்தோம். திருவல்லிக்கேணியில் அவருடைய தூரத்து உறவுக்காரி ஒரு விதவை அம்மாள் இருந்தாள். அவள் வீட்டில்தான் தங்கல். அந்த அம்மாளுக்கு ஒரே பெண், பதினெட்டு வயசு இருக்கும். மாப்பிள்ளைக்கு ரங்கூனில் உத்தியோகம், தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனார் என்றார்கள். அந்தப் பெண் என்னை மாமி, மாமி என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். எனக்குத் தலை பின்னிக் கதம்பம் வைத்துவிட்டாள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். புருஷன் சீமையில் இருக்கும் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டணம் என்றால் பட்டணம்தான். டிராமில் ஏறினதும் நான் கம்பியைப் பிடித்த பிடியை இறங்கும்வரை விடவில்லை. மிருகங்களை அடைத்து வைத்திருக்கும் உயிர் காலேஜில் புலியைப் பார்த்தேன், அது என்னைப் பார்க்கவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தது. செத்த காலேஜ் என்கிற மியூசியத்தில் திமிங்கிலத்தின் எலும்பைக் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். செத்ததை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். அவர் சிரித்தார். அந்த இரண்டு நாளும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், கேட்டதெல்லாம் வாங்கித் தந்தார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அதுவரை எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் தாமல் ஏரி. அதற்கு அக்கரை உண்டு. இதற்கு இல்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. பர்வ காலம் இல்லாமல் சாதாரண நாளில் கடலைத் தொடக்கூடாது என்பது எங்கள் அனுஷ்டானம், அதனால் மணலில் எட்ட நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். அமாவாசைக்குப் போகிறோமே, அப்போது தொட்டால் போயிற்று என்றார்.

மகாபலிபுரத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில்தான் அது நடந்தது. ஊரிலிருந்து நான் ஒரு ஜாடி உப்பு நார்த்தங்காய் கொண்டுபோயிருந்தேன். சாதத்தோடு பரிமாறினால் அந்தப் பெண் சாதத்தை விட்டுவிட்டு நார்த்தங்காயை மட்டும் எடுத்துச் சப்பினாள். இன்னொரு துண்டு கேட்டாள். அவள் அம்மா அதட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது, மசக்கை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. ரங்கூனுக்கு ஓடிப்போகிற புருஷனோடு நாலு நாள் இருந்தவளுக்குப் பெருமாள் கொடுக்கிறார், எனக்கு ஏன் இல்லை என்று நினைத்தேன். நினைத்த வெட்கத்தில் ஜாடியையே அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அடையாற்றுப் பக்கம் போய்க் கால்வாய்ப் படகில் ஏறினோம். அமாவாசைக் கூட்டம், ஒரே நெரிசல். படகிலேயே தூங்கி எழுந்து, விடியும்போது மகாபலிபுரத்தில் இறங்கினோம். “மூட்டைய எல்லாம் பார்த்து எடுத்துக்கினு எறங்குங்கமா, கடல்ல அலை இன்னிக்கு முரடா இருக்குதாம், பார்த்துக் குளிங்க,” என்றான் படகுக்காரன். பெருமாளைச் சேவித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

கரையில் ஒரு வைதிகர் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஸங்கல்பம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து இறங்கவேண்டும் என்பது முறை. எங்களுக்கு முன்னால் ஒரு கிழத் தம்பதி கையைப் பிடித்துக்கொண்டு அலையில் விழுந்து எழுந்தார்கள். எங்கள் முறை வந்தது. நான் கையை நீட்டினேன். அவர் நீட்டவில்லை. தமக்கு ஜலதோஷம், நான் மட்டும் ஸ்நானம் செய்தால் போதும் என்று வைதிகரிடம் சொன்னார்.

எனக்கு எரிச்சல். முதல் நாள்கூட ஒரு தும்மல் இல்லை. இத்தனை தூரம் வந்தது எதற்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் வைதிகர் அவர் தாடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஜலதோஷம்னு ஏன் ஒளிக்கறீர்? விசேஷம்னு சொல்ல வேண்டியதுதானே. நல்ல சமாசாரத்துக்கு என்ன வெட்கம்?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்போ நீங்களும் இறங்க வேண்டாம்மா. ரெண்டு பேருமா தலையிலே தீர்த்தம் தெளிச்சு ப்ரோக்ஷணம் பண்ணிக்கோங்கோ, போறும். எத்தனாவது மாசம்?”

நான் போன வாரம்தான் மூன்று நாள் விலகி உட்கார்ந்து எழுந்திருந்தேன். இவர் என்ன உளறுகிறார் என்று அகத்துக்காரரைப் பார்த்தேன். அவர் மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வைதிகர் சொன்னது எனக்குத் தெரியாத சாஸ்திரம் இல்லை. பெண்டாட்டி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது. செய்தால் குழந்தைக்கு ஆகாது. எங்கள் தெருவில் பால் மணம் மாறாத பிள்ளைக்கும் இது தெரியும். தாடியைப் பார்த்து இரண்டு பேர் என்னிடம் விசேஷமா என்றுகூடக் கேட்டார்கள். திருப்பதி வேண்டுதல் என்று சொல்லி நான்தான் அவர்கள் வாயை அடைத்தேன். மார்கழியில் எதிரகத்துப் பெரியவர் போனபோது, தூக்க ஆள் போதாமல் தவித்த நேரத்தில் இவர் கொல்லைப்புறமாக நழுவினார். பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்தேன். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. என்னைத் தவிர வேறு ஒருத்தி இருக்கமுடியும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

காது அடைத்துப்போயிற்று. அத்தனை பெரிய கடல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. என் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இழுத்தேன். நான் ஒன்றும் பலசாலி இல்லை, ஆனால் அவர் எதிர்பார்க்கவில்லை, இரண்டு மூன்று அடி தடுமாறி வந்துவிட்டார். என் காலில் அலை பட்டுவிட்டது. அவர் பாதம் இன்னும் காய்ந்த மணலில்.

“வேண்டாம்,” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. “விட்டுடு. குழந்தைக்கு ஆகாது.”

“எந்தக் குழந்தைக்கு?”

அவர் என் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தார். கடைசியில் “திருவல்லிக்கேணியிலே,” என்றார். அவ்வளவுதான்.

மீதியை அங்கேயே நின்றபடி கொட்டினார். போன ஆவணியில் அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல் கல்யாணமாம். ரங்கூனும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. முதலில் நானும் அவளும் பழகட்டும், பட்டணத்தை எல்லாம் பார்த்து என் மனசு குளிரட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தாராம். மூத்தாளின் மரியாதைக்கு ஒரு குறையும் வராதாம். “பிறந்தா உனக்கும் அது குழந்தைதானே,” என்றார். கூசாமல் சொன்னார். ரங்கூன் என்று என்னிடம் பொய் சொல்லத் துணிந்த மனிதருக்கு, சாஸ்திரத்தை மீறி ஒரு முழுக்குப் போடத் துணிவில்லை.

நான் இன்னும் கையை விடவில்லை. ஒரு அலை பெரிதாக எழும்பி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அவர் முழங்கால்வரை நனைந்துவிடுவார். இன்றைக்கு யாராவது கேட்டால் அந்த சாஸ்திரத்தை நம்புகிறேனா என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு முழுசாக நம்பினேன். இழுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இழுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. நார்த்தங்காயைக் கண்ணை மூடிக்கொண்டு சப்பின அந்த வாய் ஞாபகம் வந்தது. அவள்மேல் எனக்கு அந்த நிமிஷம் ஒரு அன்பும் இல்லை. ஆனாலும் கையை விட்டுவிட்டேன்.

விட்ட வேகத்தில் அவர் பின்னால் மணலில் விழுந்தார், எழுந்து அலைக்கு எட்டாத தூரத்துக்கு ஓடினார். நான் தனியாக இறங்கினேன். சுமங்கலி தனியாக இறங்கக் கூடாது என்று வைதிகர் கத்தினார். எத்தனை முழுக்குப் போட்டேன் என்று நினைவில்லை. உப்புத்தண்ணீரில் அழுவது சௌகரியம், ஒருத்தருக்கும் தெரியாது.

திரும்பும் படகில் நான் பெண்டுகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். நேரே காஞ்சிபுரம் போய்விடலாமா, பிறந்தகத்துக்குப் போய்விடலாமா, போனால் அண்ணா எத்தனை நாள் சோறு போடுவார் என்றெல்லாம் யோசித்தேன். எங்கே போனாலும் என் பெட்டி திருவல்லிக்கேணியில் இருந்தது. அதை எடுக்கத்தான் போனேன்.

படி ஏறும்போதே அந்தப் பெண் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அமாவாசையன்று தம்பதியைக் கைகோத்துக் கடலில் இறங்கச் சொல்வார்கள் என்று அவள் அம்மா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துபோயிற்று அவளுக்கு. அழுவாள், காலில் விழுவாள், ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். திட்டுவதற்கு வார்த்தைகளைக்கூட வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்ற அவருடைய தலையைப் பார்த்தாள், வேஷ்டியைப் பார்த்தாள். பயத்தில் உதடு வெளுத்திருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

“அக்கா, அவர் கடல்லே இறங்கலையே?”

மாமியாக இருந்தவள் அக்கா ஆகிவிட்டேன். நான் சொல்கிற அதே அவர், அவள் வாயிலும்.

“இல்லைடி,” என்றேன். “நான் பிடிச்சு இழுத்தேன். அப்புறம் நான்தான் விட்டுட்டேன்.”