தன்லியினில் கிளம்பாத வண்டி

யாங்கோனுக்கு வந்த முதல் வாரத்தில், இந்த ஊரில் என்னவோ குறைகிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. ஒருநாள் தின்கன்ஜூன் பகுதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சட்டென்று உறைத்தது. ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை! கார் போகிறது, பஸ் போகிறது, டாக்சி போகிறது, பைக் மட்டும் மருந்துக்கும் இல்லை. நகருக்குள் ஓட்டத் தடையாம். பால் வாங்க, சினிமாவுக்கு, சாவு வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் பைக்கிலேயே போய் வளர்ந்த கரூர்க்காரன் நான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஆத்துப் பாலம் தாண்டுனா ஓட்டலாம் அண்ணே. தன்லியின்ல எங்க வீட்ல வண்டி இருக்கு” என்று ஆறுதல் சொன்னவன் மணி.

மணி எங்கள் பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவன். என் அறையிலேயே தங்கியிருந்தவன். துறைமுக வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சு பாதிக்கு மேல் பர்மிய மொழிதான். அப்பா இல்லை. அம்மா லெட்சுமி, இந்த ஊர் மரியாதைப்படி டோ லெட்சுமி, மட்டும் தன்லியினில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போவோம். அந்த அம்மா என் தட்டில் சோற்றை அள்ளிப் போட்டு, “கரூர்த் தம்பி, ஒங்க ஊர்லயும் இப்பிடித்தான் கொறிப்பாங்களா?” என்று கேலி செய்வார். சாப்பிட்ட பிறகு நான் மணியின் வண்டியை எடுத்துக்கொண்டு ஆசை தீரச் சுற்றுவேன். அந்த ஒரு மணி நேரம் நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடும்.

இந்த வருஷம் மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் போக முடியவில்லை. வண்டி தார்ப்பாய்க்குள் சும்மாவே நின்றது. மழை ஓய்ந்தபோது மணிக்கு மலேசியாவில் வேலை கிடைத்துவிட்டது. இங்கே அவன் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற காலம், ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டோ லெட்சுமியும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று காலையில் மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அம்மன் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். “இனிமே எந்தக் காலத்துல இவன் தோளப் புடிச்சுக்கிட்டு ஒக்காரப் போறேன்?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கரூரிலிருந்து புறப்பட்ட அன்று என் அம்மா எதுவுமே கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்திருப்பார் போல. அதனாலோ என்னவோ, “வண்டிய என்கிட்ட விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்று மார்தட்டிவிட்டேன்.

அன்று விடிந்ததும் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் விற்கிற பெட்ரோலை வாங்கி ஊற்றினேன். பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போன நேரத்தில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அப்பாடா! மணி கைதட்டினான். ஆனால் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் அம்மா. என்ஜினை நிறுத்தச் சொல்லி, வண்டியைக் கழுவித் துடைத்து, விளக்குக்கும் கைப்பிடிக்கும் சந்தனம் வைத்தார். பெட்ரோல் டாங்க் மூடிமேல் மட்டும் உள்ளங்கை நிறைய அப்பி, நடுவில் குங்குமம் இட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, நெற்றியில் திருநீறு, இடுப்பில் புது லோஞ்சி என்று அவரும் தயாராகி மகனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருமுனை வரைதான். வண்டி திணறியது, நின்றுவிட்டது. இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மறுபடி பிளக்கைக் கழற்றினேன், நன்றாகத்தான் இருந்தது. கார்புரேட்டரைத் தட்டிப் பார்த்தேன், சோக்கை இழுத்துப் பார்த்தேன், கையைப் பிசைந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பூக்கூடையை மடியிலிருந்து இறக்காமல் படியில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை பெட்ரோல் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கை போனது. அம்மா வைத்த பொட்டைக் கலைப்பதா, அதுவும் பிள்ளை ஊருக்குப் போகிற நாளில் என்று கையை இழுத்துக்கொண்டேன். உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன்.

டாக்சி வந்துவிட்டது. பாலத்தில் சோதனைக்கு நிற்கிற வரிசையை நினைத்தால் விமான நிலையத்துக்கு அப்போதே நேரம் கம்மி. கோயிலோ நேர் எதிர்த் திசை. டிரைவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைப் பர்மிய மொழியில் ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். அவர் தலையாட்டிச் சிரித்தார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்து மறுபடி வண்டியிடம் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மணியின் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்! முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது இங்கே வழக்கமில்லை. அந்தச் சிரிப்பை நான் நம் ஊர்ச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன்.

மணி என் எண்ணெய்க் கையைப் பிடித்தான். “கெய்ஸா மஷிபூ, அண்ணே” என்றான். பரவாயில்லையாம். பிறகு அம்மாவின் காலில் விழுந்தான். அவர் கூடையிலிருந்த பூவில் ஒன்றை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தார். “அம்மன் பாத்துக்குவா. நேரத்துக்கு சாப்புடு” என்றார். கார் போய்விட்டது. தூசி அடங்கும்வரை நின்றவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அந்த வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் கலைந்தால் என்ன என்று எரிச்சலில் பெட்ரோல் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். அதைச் சந்தனம் அடைத்துக் காய்ந்து கிடந்தது. காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? அட கடவுளே, இவ்வளவுதானா! அவர் கையால் வைத்த பொட்டு. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஊசி ஒன்றைத் தேடி எடுத்துத் துளையைக் குத்திவிட்டு, மூடியைத் துடைத்து மூடினேன். ஏறி உட்கார்ந்து ஒரே ஒரு உதை. அத்தனை நேரம் என் உயிரை வாங்கிய வண்டி, ஒன்றுமே நடக்காததுபோலத் தெருவே அதிரும்படி கிளம்பியது.

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. டோ லெட்சுமி ஈரக் கையோடு, செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்தார்.

“மணி! வந்துட்டியாப்பா?”

வண்டிமேல் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொண்டேன். என் அம்மாவும் கரூரில் தெருவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டு இப்படி ஓடிவருவாரோ, வேறு யாரோ போவதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்புவாரோ, எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லவும் மாட்டார்.

“நீயா” என்றார் டோ லெட்சுமி. கையை லோஞ்சியில் துடைத்தார். “சரி, சாப்புட வா.”

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பி அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.