ஐந்து சென்டிமீட்டர்

"விடு ரூமியானா, விடு. எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே நிப்ப?"

ஸ்தாமெனின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஓர் அங்குல இடைவெளியில் விரிந்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே முப்பது சென்டிமீட்டர் மர அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார், டிராம் பணிமனையின் நேரக்காப்பாளர் ரூமியானா. பூச்சியக் கோடு விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. அம்மையார் சொல்லாமல் விட வேண்டும். விழும் கோலை இவர் பிடிக்க வேண்டும். விட்டார், பிடித்தார். கட்டைவிரலை ஒட்டி நின்ற எண், பதினைந்து.

"பதினஞ்சு! இந்த வயசுல என்ன கையா உனக்கு! போய் வண்டிய எடு."

"இன்னும் ஒரே ஒரு தடவ."

சோபியா நகரில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக டிராம் ஓட்டும் ஸ்தாமெனை உட்கார்ந்த கோலத்தில் காண வேண்டுமானால், வண்டிக்குள் ஏறித்தான் காண வேண்டும். பணிமனைச் சிற்றுண்டிச் சாலையில் பனித்சா என்னும் பாலாடைக்கட்டி ரொட்டியை நின்றபடியே தின்பார். பாதியைத் தட்டிலேயே மறந்துவிட்டு, காப்பிக் கோப்பையோடு வாசலுக்கும் சன்னலுக்குமாக நடப்பார். முடிவெட்டும் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதும், தெருவில் எவராவது ஓடினால் அவருடைய வலக்கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். "கால ஆட்டாதய்யா, காது போயிடும்" என்று நாவிதர் இருமுறை எச்சரித்திருக்கிறார்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், நின்றிருந்த ரொட்டி வண்டியின் மறைவிலிருந்து ஒரு குழந்தைத் தள்ளுவண்டி தண்டவாளத்தில் இறங்கியது. டிராம் நின்றது. இரண்டுக்கும் இடையே எஞ்சியது ஒரு சாண். குழந்தையின் தாய் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஸ்தாமென் இறங்கி, பிரேக் பிடிக்க டிராம் கொட்டிய மணல் சிதறிய பனியில் கைவிரித்து அளந்து பார்த்தார். மறுநாளிலிருந்து, வண்டி எடுக்குமுன் கையின் வேகத்தைச் சோதிக்க, அளவுகோல் வந்தது.

கேட்பவர் எவராயினும், சொல்ல ஸ்தாமெனிடம் ஒரு கணக்கு உண்டு. "இருபதுல பிடிச்சா, கை எடுத்துக்கிட்ட நேரம் செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. இருபத்தஞ்சுல பிடிச்சா, கண்ணிமைக்கற நேரத்துல பத்துல ஒரு பங்குதான் கூடுது. ஆனா நாப்பது கிலோமீட்டர் வேகத்துல அந்தத் துளி நேரத்துக்குள்ள வண்டி ஒரு சாணுக்கு மேல போயிடும். அந்தப் புள்ள இருந்தது ஒரு சாண் தள்ளி." இருபதைத் தாண்டினால் ஓட்டுவதில்லை என்பது அவர் தமக்கே இட்டுக்கொண்ட சட்டம்.

அடுத்து வந்த செவ்வாயன்று ரூமியானா பல் பிடுங்கப் போயிருந்தார். டிராம்களைப் பழுதுபார்க்கும் யாவோர் அன்று அளவுகோலைப் பிடித்தான். இருபத்தைந்து. மறுபடி இருபத்து நான்கு. மறுபடி இருபத்தைந்து.

"அண்ணே, ஸ்கேலப் பாருங்கண்ணே! என் வாயையே பாக்கறீங்க. நான் என்ன முத்தமா குடுக்கப் போறேன்?"

சிற்றுண்டிச் சாலையே சிரித்தது. ஸ்தாமென் சிரிக்கவில்லை. முதல்முறையாகத் தம் சட்டத்தை மீறி அன்று டிராமை எடுத்தார், ஆனால் நடைவேகத்தில்தான் ஓட்டினார். "என்ன தாத்தா, கழுதை வண்டியா இது?" என்று பின்னிருந்து ஒருத்தி கத்தினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியை இருமுறை துடைத்தார்.

புதன் காலை, வீங்கிய கன்னத்தோடு வந்த ரூமியானாவைக் கதவருகிலேயே மறித்தார். "விடறதுக்கு முன்னாடி நீ உதட்ட மடிக்கறியா?"

அம்மையார் கையுறையை மெதுவாகக் கழற்றினார். "மொதல்ல தெரியாமத்தான். அப்புறம் தெரிஞ்சேதான். போன வருஷம் ஒருநாள் இருபத்திரெண்டு வந்துச்சு. நீ அன்னிக்கி வண்டியும் எடுக்கல, பூரா சாப்பிடவும் இல்ல. மறுநாள் உதட்ட மடிச்சேன், பதினாறு வந்துச்சு. நல்லா சாப்பிட்ட."

"ரெண்டு வருஷம் உன் வாயப் பாத்து ஓட்டியிருக்கேன்."

"அதனால என்ன? டாக்டரு சோதிச்சு, சரின்னு எழுதிக் குடுத்துட்டாரு. ரோட்லயும் நீ ஆளுங்க மூஞ்சியப் பாத்து, தோளப் பாத்துத்தானே முன்னாடியே பிரேக்கு போடற? அது தப்பா?"

"அன்னிக்கி மூஞ்சி எங்க தெரிஞ்சுது, ரூமியானா? ரொட்டி வண்டிக்குப் பின்னாலேருந்து மொதல்ல வந்தது சக்கரம்."

ரூமியானாவின் கழுத்திலிருந்த கம்பளித் துணியை ஸ்தாமென் தாமே எடுத்து, வீக்கத்தில் படாதபடி வாயையும் மூக்கையும் சுற்றி மூடினார். "இப்ப விடு."

இருபத்து நான்கு.

"குளிரு. கை வெறச்சிருக்கு," என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

ஸ்தாமென் கையைத் தேய்த்துச் சூடேற்றினார். இருபத்தைந்து. பின்னும் ஒருமுறை இருபத்தைந்து.

முற்றத்தில் அவருடைய டிராம் விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. புறப்பட நான்கு நிமிடம். ஸ்தாமென் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து ரூமியானாவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக, சிறிதும் அவசரமின்றி, சாவியின்மேல் மடக்கினார்.