ஒன்றும் வரவில்லை என்று சொன்னவன்

எங்கள் ஊர்ப் பாதை அவிநாசி ரோட்டில் ஏறும் இடத்தில், சிவப்புப் பெயிண்டில் 'நில்' என்று எழுதிய தகரப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். அதன் முன்னால் வந்ததும் பிட்டர் அண்ணன் சைக்கிள் பிரேக்கைப் பிடிப்பார். வலது காலைப் பின்னால் வீசி முழுசாக இறங்குவார். இரண்டு பக்கமும் பார்ப்பார், மறுபடி ஒரு தடவை பார்ப்பார், அப்புறம்தான் ஏறுவார். ரோட்டில் காக்கை குருவி இல்லாத நாளிலும் இதே பூஜைதான். அந்த இடத்தில் குறுகலான வாய்க்கால் பாலம். ஒருவர் நின்றால் பின்னால் வருகிற இருபது சைக்கிளும் நிற்க வேண்டும். காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதப்போகிற நேரத்தில் இது நடந்தால் யாருக்குத்தான் பல்லைக் கடிக்கத் தோன்றாது?

ஐம்பதுகளின் கடைசி அது. அவர் மில்லின் பழுதுபார்க்கும் பிரிவில் பிட்டர். நான் நூற்புக் காத்தா என்கிற நூல் நூற்கும் பிரிவில் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் எனக்கு வேலை. 'நில்லு பிட்டர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். பின்னாலிருந்து நான் அப்படிக் கூப்பிட்டால் பாலமே சிரிக்கும், அவரும் கூடச் சிரிப்பார். எனக்கு வாய் நீளம், அந்த வயதில் அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டீக்கடையில் அவரோடு வாதாடினேன். சைக்கிளுக்கென்ன இஞ்சினா இருக்கிறது, நிறுத்தினால் மறுபடி மிதிக்க வேண்டியது என் கால்தானே. பஸ்காரன் நிற்கட்டும், கண்ணும் காதும் திறந்திருக்கிற சைக்கிள்காரன் வேகத்தைக் குறைத்தால் போதாதா என்றேன். அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். நடுவிரலில் நுனி இல்லை. "மெஷினு நின்னுபோச்சுன்னு நெனச்சுக் கைய உட்டேனுங்க. கொஞ்சூண்டு சுத்தீட்டு இருந்திருக்குது. நிக்கற மாதிரி இருக்கறது வேற, நிக்கறது வேறங்க" என்றார். நான் அதற்கும் ஏதோ நையாண்டி சொன்னேன். இன்றைக்கும் சிலர் என் பழைய வாதத்தைப் பேசக் கேட்கிறேன். நியாயமே இல்லாத பேச்சென்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் கலந்துகொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

அந்த மார்கழியில் நிரந்தர வேலைக்குப் பட்டியல் எடுக்கப்போவதாகப் பேச்சு. நான் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை என்றால் பட்டியலில் பெயர் இருக்காது. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். அப்போது பார்த்து ஒருநாள் படுக்கையிலிருந்து எழ நேரமாகிவிட்டது. பாலத்துக்கு வந்தால் ஒரே பனி, முன்னால் ஐந்தாறு முதுகுகள், அவற்றுக்கும் முன்னால் பிரேக்கைப் பிடிக்கிற பிட்டர் அண்ணன்.

"ஒண்ணும் வரலீங்கண்ணா, போங்க போங்க. உங்களால எல்லாருமில்ல நிக்கோணும்" என்று கத்தினேன்.

நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். அவரோ நாலு பேருக்கு இடைஞ்சல் என்றால் கூசிப்போகிற மனுசர். "செரிங்க, செரிங்க" என்று சொல்லிக்கொண்டே, அன்று ஒருநாள் மட்டும் இறங்காமல் மிதித்தார். பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தது.

எல்லோரும் சைக்கிளைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடினார்கள். அப்போது சங்கு ஊதியது. ஊதி ஐந்து நிமிடத்தில் கேட்டை அடைத்துவிடுவார்கள். நான் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி மிதித்தேன்.

அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீசிடம், "நாந்தானுங்க நிக்காமப் போயிட்டேன், டிரைவர் மேல தப்பில்லீங்க" என்றாராம். வருசமெல்லாம் நின்றவர் ஒருநாள் நிற்காததை மில்லில் வேடிக்கையாகப் பேசினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். பட்டியலில் என் பெயர் வந்தது, வேலை நிரந்தரமாயிற்று. அந்தப் பனியில் கத்தியது யாரென்று யாருக்கும் தெரியவில்லை என்று தேற்றிக்கொண்டேன். ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யா? அவரைப் பார்க்கப் போகவில்லை. அவர் வீட்டுத் தெருவைத் தவிர்க்க ஒரு மைல் சுற்றிக்கூடப் போயிருக்கிறேன்.

நான்கு வருசம் கழித்து டவுன் பஸ் ஸ்டாண்டில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். சிமென்ட் பெஞ்சில், கக்கத்துக் கட்டைகளைப் பக்கத்தில் சாத்திவைத்து உட்கார்ந்திருந்தார். நான் நழுவப் பார்ப்பதற்குள், "ஏனுங் தம்பி, சௌக்கியமுங்களா?" என்று அவரே கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்த மரியாதை தாங்கவில்லை.

"அண்ணா, அன்னைக்குப் பின்னாடி இருந்து சத்தம் போட்டது நானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. ரெண்டு வருசமாக் கேட்ட சத்தந்தானுங்களே."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்தான் ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்:

"அன்னைக்குச் சங்குக்கு உள்ள போயிட்டீங்களா?"

"போயிட்டேனுங்க."

"அப்பச் செரி" என்றார். குத்தலாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே நிம்மதியாக இருந்தார்.