பானட்டின் மேல் மூன்று விரல்

மண்ணெண்ணெயையும் ஈரச் சுண்ணாம்பையும் சேர்த்துக் குழைத்தால் எப்படி மணக்குமோ, ஏறக்குறைய அப்படி மணக்கும் அப்பா காருக்குத் தேய்க்கிற ‘காம்பவுண்டு’. தகர டப்பாவின் மூடியை அவர் நெம்பித் திறந்ததும் அந்த வாசனை சமையலறை வரை போய்விடும். அம்மா உள்ளே இருந்தபடியே, “ஆரம்பிச்சிட்டாரு” என்பார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சங்கராபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எங்கள் வீடு; வீட்டுக்கு முன் ஒரு புங்க மரம்; அதன் நிழலில் அப்பாவின் கறுப்பு அம்பாசடர்.

அப்பா சவரிமுத்து வெகுகாலம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் வீட்டுக் கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து, கதவுகளை அடித்துச் சாத்திப் பார்த்து, நிறத்தை மட்டும் யோசிக்காமல் வாங்கி வந்துவிட்டார். வந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், துக்க வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், வெள்ளிமலைக்கு வேலையாகப் போகும் அதிகாரிகள் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கறுப்பு வண்டியில் பெண்ணை ஏற்றி அழைத்துப்போக ஒரு வீட்டுக்கும் மனம் வரவில்லை. எங்கள் மாதா கோயில் கல்யாணங்களுக்கே வெள்ளை வண்டிதான் கேட்டார்கள். வாடகைக் காருக்கு முகூர்த்த மாதங்கள்தான் அறுவடை என்பதால், அந்த மாதங்களில் மற்ற ஓட்டுநர்கள் சாமந்தி வாசனையோடு ஸ்டாண்டுக்குத் திரும்புவார்கள், நின்ற இடத்திலேயே நிற்கும் எங்கள் வண்டியைப் பார்த்து, “இன்னா சவரி, இன்னைக்கு யாரு போய்ட்டாங்க?” என்று கேட்பார்கள்.

அம்மா ஒரே வழியைத்தான் சொன்னார். “வெள்ள பெயிண்ட்டு அடிச்சிடுங்க. தீந்துது.”

“வெள்ளையில இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. கறுப்புலதான் எதிர்ல நிக்கிறது தெரியும்” என்பார் அப்பா. போதுமான அளவு பளபளப்பு ஏறிவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்குக் கறுப்பே தெரியாது, வானமும் மரமும் அவரவர் முகமும்தான் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: வைகாசி முடிவதற்குள் ஒரு கல்யாணமாவது வண்டியைக் கேட்டு வரவேண்டும், வராவிட்டால் வெள்ளை.

அந்தக் கோடை முழுவதும் அப்பா தேய்த்தார். தண்ணீரில் ஊறவைத்த நைசான உப்புத்தாளால் பெயிண்ட்டின் மேடுகளை முதலில் சமப்படுத்துவார். உப்புத்தாள் பட்ட இடம் சாம்பல் பூத்துச் செத்ததுபோல ஆகிவிடும், அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். பிறகு பழைய பனியன் துணியில் காம்பவுண்டைத் தொட்டு, சுற்றிச் சுற்றித் தேய்க்காமல் நேர்கோடாக, கதவு கதவாகத் தேய்ப்பார். வெயிலில் தேய்த்தால் காம்பவுண்டு காய்ந்து கீறிவிடும் என்பதால், நிழல் நகர நகர வண்டியையும் தள்ளி நகர்த்துவார். எல்லாம் முடிந்து மெழுகுப் பாலிஷ் போட்டபின் என்னைக் கூப்பிட்டு, எஞ்சினை மூடும் பானட்டுக்கு நேராகக் கண்ணைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லி, “புங்க மரம் இல இலயா தெரியுதா, கொத்தா தெரியுதா?” என்று கேட்பார். கொத்தாகத் தெரிகிறது என்றால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தேய்ப்பிலும் அழுக்கோடு கொஞ்சம் பெயிண்ட்டும் போகும் என்று பெயிண்டர் ஒருவர் எச்சரித்திருந்தார். துணியில் ஒட்டும் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

தேய்ப்பதைவிடப் பெரிய பாடு, கழுவுவது. எங்கள் வீட்டுப் போர் குழாய்த் தண்ணீர் கடும் உப்பு. அதில் கழுவிக் காய்ந்தால் வெள்ளை வண்டியில் ஒன்றும் தெரியாது. கறுப்பில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாக நின்றுவிடும். அதற்காக அப்பா வெள்ளிமலைச் சவாரி போகும்போதெல்லாம் மலையில் கோடையிலும் ஒழுகிக்கொண்டிருந்த ஓர் ஊற்றில் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்து வருவார். “ஊர் சனம் குடிக்கிற தண்ணிக்குக் கொடம் தூக்கினு அலயுது. இவரு காரு குளிக்கறதுக்கு மலத் தண்ணி கொண்டாராரு” என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அம்மாவுக்கும் அந்தத் தண்ணீர்மேல் ஒரு கண் உண்டு. போர் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். மலைத் தண்ணீரில் வெண்ணெயாகக் குழையும்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசையிலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில், மணலூர்பேட்டையிலிருந்து ரங்கசாமி என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கரும்பும் நெல்லும் பயிர் செய்கிறவர். தங்கை மகளுக்குக் கல்யாணம். பெரிய முகூர்த்த நாள், சுற்றுவட்டாரத்து வெள்ளைக் கார்கள் எல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தன. அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து மோவாயைத் தடவினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா சவரி. என் தங்கச்சி ஒத்துக்கணும். நாளைக்குக் காலையில இட்டாரேன். அது வேணான்னா வேணாந்தான்.”

அவர் போனதும் அப்பா கேனைத் தேடினார். நேற்றுதான் பிடித்து வந்தது. கொல்லையில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. பாதிதான் உலைக்குப் போயிருக்கும்; மீதியைக் குடிக்கிற குடத்தில் அம்மா ஊற்றிவைக்க, நாங்களும் பக்கத்து வீடுகளும் காலையிலிருந்து குடித்துத் தீர்த்திருந்தோம். அடுப்பில் சாம்பார் மணத்துக்கொண்டிருந்தது.

அப்பா திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா சற்று நேரம் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

“உப்புத் தண்ணி ஊத்துனவொடனேவா வளையம் வருது?”

“காஞ்சாதான் வரும்.”

“அப்ப காய வுடாம தொடச்சா?”

“ஒரு ஆளு ஊத்தி, ஒரு ஆளு தொடச்சிக்கினே வரணும். ஒரு சொட்டு நிக்கக் கூடாது. யாரு இருக்காங்க?”

“நான் இன்னா செத்தா பூட்டன்?”

மறுநாள் விடிந்ததும், வெயில் மரத்தைத் தாண்டுவதற்குள், இருவரும் வண்டியைக் கழுவினார்கள். அப்பா சொம்பில் ஊற்ற ஊற்ற, அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழைய வேட்டித் துணியால் பின்னாலேயே ஒற்றி எடுத்தார். வெள்ளை அடிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் சண்டை போட்ட அம்மா, கதவு இடுக்கில் தங்கிய ஒரு சொட்டுக்காக, “நில்லுங்க, ஊத்தாதீங்க” என்று அப்பாவை அதட்டியதை என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பும் முன்பே நான் குனிந்து பார்த்துவிட்டேன். “இல இலயா தெரியுதுப்பா.”

ரங்கசாமியின் தங்கை இறங்கியதுமே முகம் சுளித்தார். “இன்னாண்ணே, கறுப்பா இருக்குது?”

அப்பா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அந்த அம்மாள் இரண்டடி கிட்டே வந்தார். கதவில் அவருடைய மாம்பழ நிறச் சேலை முழுசாக விழுந்தது. பின்னால் புங்க மரம், அதற்கும் மேலே வானம். அவர் தன்னை அறியாமல் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு, மூக்குத்தியைத் திருகி நேராக்கினார்.

“கறுப்பு எங்கம்மா இருக்குது? நீதான் நிக்கிற” என்றார் அண்ணன்.

“சும்மா இருண்ணே.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசித்து, ஒரு நிபந்தனை போட்டார். பெண்ணை ஏற்றுவதற்கு முன் அவர் கையாலேயே பானட்டின் நடுவில் கெட்டியாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மண்டபம் போய்ச் சேரும்வரை அதைத் துடைக்கக் கூடாது. கண்ணாடியில் தொங்கிய எங்கள் செபமாலையைப் பார்த்து, “அதும் இருக்கட்டும்” என்றார்.

அப்பா பானட்டைப் பார்த்தார். எஞ்சின் சூட்டில் சந்தனம் காய்ந்தால் பளபளப்பைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் தயங்கிய அந்தக் கணத்தில், கதவருகே நின்றிருந்த அம்மா முந்திக்கொண்டார். “தாராளமா வைங்கம்மா. ஜாஸ்தியாவே வைங்க.”

கல்யாணம் முடிந்து வண்டி திரும்பியபோது, சாமந்தி இதழ்களுக்கு நடுவே பானட்டின் மேல் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் ஓடாகக் காய்ந்திருந்தது. ஊறவைத்து எடுத்தார் அப்பா. சந்தனம் போனது, அதற்குக் கீழே, விரல்கள் அழுந்திய மூன்று தடங்கள் மங்கலாக நின்றன. பாலிஷுக்குப் போகவில்லை. காம்பவுண்டு போட்டால் போயிருக்கும். ஆனால் கோடை முழுவதும் தேய்த்ததில் அந்த இடத்துப் பெயிண்ட் மெலிந்துவிட்டிருந்தது. இன்னொரு முறை தேய்த்தால் அடியில் இருக்கிற சிவப்புப் பிரைமர் எட்டிப்பார்க்கும். டப்பாவைத் திறந்தவர், மறுபடி மூடி வைத்தார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி கேட்டு வந்த பெரியவர் ஒருவரும் கறுப்பைப் பார்த்து முதலில் பின்வாங்கத்தான் செய்தார். பிறகு பானட்டின் தடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே சந்தனம் பட்ட வண்டிதானா, அப்ப சரி” என்று சம்மதித்தார். அதன்பின் வந்தவர்கள் அந்தத் தடத்தின் மேலேயே சந்தனம் வைக்கத் தொடங்கினார்கள். வெள்ளைப் பெயிண்ட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

“வருசம் பூரா தேச்சிக்கினு இருந்தீங்க, ஒருத்தரும் வரல. அந்தம்மா மூணு விரலு வெச்சிது, வண்டி கல்யாண வண்டி ஆயிடுச்சி” என்று அம்மா சீண்டுவார். அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார். “தேய்க்காம இருந்தா அந்தம்மா கிட்டயே வந்திருக்காது.” இந்த வழக்கு அவர்கள் இருவரும் இருந்தவரை தீரவில்லை. தடத்தைச் சுற்றி மற்ற இடமெல்லாம் அப்பா கடைசிவரை இலை இலையாகத் தெரியும்படிதான் வைத்திருந்தார்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். என் கார் கறுப்பு. கறுப்பைத்தான் இன்று எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள். வாங்கியவுடன் பெயிண்ட்டின் மேல் ‘கோட்டிங்’ போட்டுக்கொண்டேன். போட்ட இளைஞர், “இனிமே தேய்க்கிற வேலையே கெடையாது மேடம், எதுவும் ஒட்டாது” என்றார். அவர் சொன்னது உண்மைதான். உப்புத் தண்ணீர்கூட முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது.

சென்ற வைகாசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அந்தக் காரைக் கேட்டார்கள், கொடுத்தேன். பெண்ணின் தாய் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், பானட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, “பெயிண்ட்டு வீணாப் பூடுமா? நம்பர் பிளேட்டுல வெச்சிடட்டா?” என்று கேட்டார். பானட்டிலேயே வைக்கச் சொன்னேன். அவர் பயந்து பயந்து ஒரு பொட்டுதான் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து, மூன்று விரலால் அழுத்தி வைக்கச் செய்தேன்.

வண்டி திரும்பியதும் நான் துடைக்கவில்லை. இரண்டு நாள் வெயிலில் அப்படியே விட்டு வைத்திருந்து, மூன்றாம் நாள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தேன். எதிர்வீட்டு வேப்ப மரம் இலை இலையாகத் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.