உங்கள் ஃபோட்டோ ஓர் உயிரைக் காக்கும்

"கொஞ்சம் இருங்கண்ணா, காலரு மடங்கிக்கினு கீது" என்று சொல்லிக்கொண்டே பிரின்சி எதிரில் நிற்பவரின் கழுத்தருகே கையைக் கொண்டுபோவாள். பெண்களென்றால் துப்பட்டா மடிப்பு. காலர் மடங்காமலே இருந்தாலும் சரி, ஒரு தடவை தொட்டு நீவிவிட்டால்தான் அவளுக்குக் கேமராவில் கை போகும்.

மற்ற நாட்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கான ரப்பர் வளையங்களைச் சோதிப்பது அவள் வேலை. ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி அதே சிப்காட்டுக்கு வந்துவிடுவாள். மூடிக் கிடக்கும் தொழிற்சாலை ஒன்றின் நீல மதில்தான் ஸ்டுடியோ. லாரி கிளப்பிய புழுதி அடங்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் அறிமுகமான, முன்பின் பார்த்திராத ஆட்கள் வருவார்கள். படம் எடுத்துக்கொண்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுப்பார்கள். அது அப்படியே சென்னையில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளின் மருந்துக்குப் போய்விடும்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இத்தனை பேருக்கு எப்படித்தான் குழப்பம் வருகிறதோ. மணவாள நகரிலிருந்து ஒருவர் இவளைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து மகனோடும் ஜாதகத்தோடும் வந்து இறங்கினார். இன்னோர் அக்கா, எந்த சீரியல் என்று கேட்டாள். பெற்ற தாய் ஞானம்மாவுக்கே இன்னும் புரிந்தபாடில்லை. "இங்க கீறவன் மூஞ்சிய நீ புடிச்சா, எங்கியோ கீற கொழந்திக்கி எப்படிடி ஒடம்பு தேறும்?"

"தேறும். நீ சொம்மா இரும்மா."

நோயாளிக் குழந்தைகளை மட்டும் பிரின்சி படம் எடுக்க மாட்டாள். அவள் சின்ன வகுப்பில் படிக்கும்போது இலவசமாகப் புத்தகப்பை கொடுக்க வந்தவர்கள், படத்தில் பாவமாகத் தெரிய வேண்டுமென்று, அம்மா எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்பிய சடையை அவிழ்த்துக் கலைத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை.

போன ஞாயிறு ஊத்துக்கோட்டையிலிருந்து குப்புராஜ் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எல்லோரும் இருப்பதில் நல்லதைப் போட்டுக்கொண்டு வருவார்கள். இவர் காலர் நைந்து நூல் பிரிந்த சட்டையில் வந்து நின்றார். கையிலிருந்த பைக்குள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை ஒன்றும், ஆஸ்பத்திரி ஸ்கேன் உறையும் இருந்தன.

"அந்த வெள்ளைய போட்டுக்கங்கண்ணா. நல்லாருக்கும்."

"பஸ்ல அத்த போட்டுக்கினுதாம்மா வந்தேன். ஸ்டேஷனாண்ட மாத்திக்கினேன். அதுல எடுத்தா யாரும்மா டப்பு குடுப்பாங்க?"

பிரின்சிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் தன் போனை நீட்டினார். அவளே எழுதிப்போட்ட வரி அதில் இருந்தது: உங்கள் ஃபோட்டோ ஓர் உயிரைக் காக்கும்.

"ஊட்டுக்காரிக்கு இருதய ஆப்ரேசனு. நீதானம்மா போட்டுகிற."

அவளுக்குக் கன்னம் சூடாகிவிட்டது. படம் எடுத்துக்கொள்கிறவர்தான் கொடுக்க வேண்டும், பணம் குழந்தைகளுக்குப் போகிறது என்று தட்டுத் தடுமாறி விளக்கினாள். குப்புராஜ் கோபப்படவில்லை. ஸ்கேன் உறையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"அந்தக் கொழந்திங்கோ நல்லாருக்கட்டும். அத்தோட இத்தயும் ஒன்னு போட்டு வுட முடியுமாம்மா?"

"போடறேண்ணா. உங்களுக்குன்னே தனியா போடறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, எந்தப் படத்தைப் போடுவது? வெள்ளைச் சட்டையில் நின்றால் ஒருவரும் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னது மெய்தான். இந்தச் சட்டையில் எடுத்தாலோ, சடையை அவிழ்த்தவர்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? வரியை எழுதும்போது இதெல்லாம் தோன்றவே இல்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

குப்புராஜ் மதிலோரம் போய் நின்றார். பிரின்சியின் கை பழக்கதோஷத்தில் அவர் கழுத்தருகே போனது. பிரிந்த நூலை உள்ளே தள்ளி, நைந்த ஓரத்தை மடித்து, நீவிவிட்டாள். அவர் குழந்தைபோல் தாடையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் பின்னால் நகர்ந்து கேமராவில் கண்ணை வைக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு மெதுவாகக் காலரைப் பிரித்து, நைந்த ஓரத்தை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, அசையாமல் நின்றார்.