பச்சைக் கோப்பையில் நான் போட்ட சீனி

ஒரு பெண்ணின் படிப்பைப் பொய்யாக்கியவள் நான். என் தம்பி மகள் பவித்ரா பல்கலைக்கழகத்துக்காகச் செய்த ஆராய்ச்சியில், அவளுக்குத் தெரியாமல் சீனியை அள்ளிப் போட்டேன். கை தவறி அல்ல. தெரிந்தேதான் போட்டேன்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அந்தத் தைரியம்தான்...

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கிற அதே செம்பனைத் தோட்டத்தில்தான் இன்றும் இருக்கிறேன். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் எழாது. கல்யாண வீட்டிலும் சுவரோரமாக நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் பாயாசம் என்று வந்துவிட்டால் நான் வேறு ஆள். கோயில் திருவிழாவுக்குப் பெரிய சட்டியில் பாசிப்பயற்றுப் பாயாசம் கிண்டுவது நான்தான். கொதிக்கிற வாசனையை வைத்தே இனிப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். இதில் மட்டும் எனக்கு அடக்கம் கிடையாது.

என் தம்பி இனிப்பு நீர் வியாதியில் முதலில் ஒரு காலை இழந்தான். பிறகு அவனையே இழந்தோம். அதற்காகவே அவன் மகள் உணவுச் சந்தைப்படுத்தலும் ஊட்டச்சத்தும் படிக்கப் போனாள்.

"இனிப்பு சாப்புடாதீங்கன்னு சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்களா அத்தை? கொறைஞ்ச சீனியில அதே ருசியக் குடுக்கணும். அதக் கடையில விக்கணும். அப்பா மாதிரி இன்னொருத்தர் போவக்கூடாது" என்பாள். அவள் உயிரே அதில்தான் இருந்தது.

கடைசி வருட ஆராய்ச்சிக்கு என்னைத்தான் தேடி வந்தாள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சனங்களுக்குப் பாயாசம் கொடுக்க வேண்டும். சிவப்புக் கோப்பையில் வழக்கமான இனிப்பு. பச்சைக் கோப்பையில் பாதிச் சீனி. குடிப்பவர்களுக்கு எது எதுவென்று தெரியாது. எது பிடித்தது என்று மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும்.

"நான் நிறுத்து வெச்ச சீனிய மட்டும் போடுங்க அத்தை. ஒங்க கைய இன்னிக்கி கட்டிப் போட்டுருங்க, ஓகே லா?" என்று சிரித்துவிட்டு நாற்காலி அடுக்கப் போனாள்.

சொன்னபடிதான் செய்தேன். முதலில்... பிறகு பச்சைக் கோப்பைக்கான சட்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டு மாரியாயி அக்கா மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் தலையை நீட்டினார். "என்னா ராசாத்தி, பரீச்ச அந்தப் புள்ளைக்கா, ஒனக்கா? பாயாசம் நல்லால்லன்னா பெயில்தான் பாத்துக்க!"

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறிப் போனது. இந்தச் சப்பைத் தண்ணீரையா என் கையால் ஊருக்கு ஊற்றுவேன்? ராசாத்திக்குக் கை போய்விட்டது என்று பேசமாட்டார்களா?

சீனி டப்பாவைத் திறந்தேன். ஒரு கை. இன்னொரு கை. கலக்கி வாயில் விட்டுப் பார்த்தேன். இரண்டு சட்டியும் ஒன்றுபோல இருந்தன. என் கை அளவு தப்பாது!

பவித்ரா எல்லாரையும் கேட்டு முடித்துவிட்டு ஓடி வந்தாள். "பச்சையும் செவப்பும் ஒன்னா வந்திருக்கு அத்தை! நம்ம ஆளுங்களுக்குப் பாதி சீனி போதும்! அப்பா இருந்திருந்தா..." என்றபடி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'சீனி போட்டேன்மா' என்று ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? கூச்சம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சமா அது? இல்லை... கர்வம். ஊரே கோப்பையை வழித்துக் குடித்ததைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்து நின்றவள் நான்!

பவித்ரா நல்ல தேர்ச்சியோடு பட்டம் வாங்கினாள். சிறிய உணவுத் தயாரிப்பாளர் ஒருவர் அவளை நம்பி அந்தப் பாயாசத்தைப் பாக்கெட்டில் போட்டார். உண்மையான பாதிச் சீனியில். மண்டபத்தில் குடித்த ருசி பாக்கெட்டில் கொஞ்சம் மங்கத்தான் செய்யும் என்று பவித்ரா நினைத்துக்கொண்டாள். சுங்கை பெசார் கடைகளில் வைத்தார்கள். வாங்கியவர்கள் மறுபடி வாங்கவில்லை. ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். ஒரு பெண் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் நின்ற அவள் அக்கா, "அதுவா? வெறும் தண்ணி மாதிரி இருக்கும், வெய்" என்றாள். எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். பிறகு பாக்கெட் வருவதே நின்றுபோயிற்று.

"மண்டபத்துல எல்லாரும் என் மூஞ்சிக்காகப் பொய் சொல்லியிருக்காங்க அத்தை" என்றாள் பவித்ரா. "இனிமே நம்ம ஆளுங்க வாயில வர்ற ஒன்னையும் நான் நம்ப மாட்டேன்."

அவர்களா பொய் சொன்னார்கள்? மாரியாயி அக்கா முதற்கொண்டு எல்லாரும் நாக்கு அறிந்த உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் பொய் சொன்னவள் ஒருத்திதான். அவள்தான் அங்கே வாயே திறக்கவில்லை!

இப்போது பவித்ரா ஷா ஆலாமில், இனிப்புப் பானம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். "கேக்கறதக் குடுத்துட்டுப் போவோம், நமக்கென்னா?" என்கிறாள். அப்பாவின் பெயரை எடுப்பதே இல்லை.

போன தீபாவளிக்கு வந்திருந்தாள். "அந்தப் பச்சைக் கப்புப் பாயாசம் வெச்சுத் தாங்க அத்தை. அதே அளவுல" என்று கேட்டாள்.

அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். உண்மை அளவில் வைத்தால் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவாள். அப்படித்தான் வைத்திருக்க வேண்டும். அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும்... என் கை சீனி டப்பாவுக்குப் போனது.

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். "இதப் போயி எப்புடி அத்தை வேணான்னு சொன்னாங்க?" என்று கோப்பையின் அடியை விரலால் வழித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டாமா?" என்று கேட்டேன்.