சாரலுக்கு முன் போட்ட ஊசி

போடியிலிருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள் நான். சின்ன வயதிலிருந்தே எனக்கு மூச்சு இளைப்பு. ஜீப்பில் நெருக்கியடித்துத்தான் உட்காருவோம். ஒருத்திக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் வண்டிக்கே வந்துவிடும். ஒரு வருடம் சாரலில் அது வந்தபோது மற்றவர்கள் மெல்ல எழுந்து நடமாடிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தேன். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போகாத அந்தத் தவிப்பு எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

அடுத்த மழைக்கு முன்பே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. ஊசி போடப் போன அன்று துணைக்கு வந்த என் மதினி விடவில்லை. அவளும் அதே ஜீப்பில் காய் எடுக்க வருகிறவள்.

“ஊசி போட்டவங்களுக்கும் காய்ச்சல் வருதே, அப்புறம் எதுக்கு?”

“வரலாம்மா. ஆனா பெரும்பாலும் ஆளைச் சாய்க்காது. கிருமி வருசா வருசம் உருவத்தை மாத்திக்குது. அதுக்குத் தக்கன ஊசியையும் புதுசா செய்றாங்க. கோழி முட்டைக்குள்ள கிருமியை வளத்து, கொன்னு, சுத்தம் பண்ணி எடுக்குறது இது.”

“முட்டையா? ஏ ஆத்தா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை! எந்திரி, போவோம்.”

“சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன் மதினி. நீங்க சும்மா இருங்க” என்று கையை நீட்டிவிட்டேன்.

ஆடிச் சாரலில் ஜீப்பே இருமியது. எனக்கும் உடம்பு கொதித்தது. மூச்சு எப்போது நிற்குமோ என்று பயந்து சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். மதினி கஞ்சியோடு வந்து என் நெஞ்சில் காதை வைத்தாள்.

“என்னடி இது, பூனை கத்துற சத்தத்தையே காணோம்?”

உண்மைதான். காய்ச்சல் இருந்தது, மேல்வலி இருந்தது. இளைப்பு மட்டும் ஏறவே இல்லை. அந்த வாரமே எழுந்துவிட்டேன். அதற்குள் மதினி படுத்துவிட்டாள். அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு நான் ஜீப் ஏறினேன்.

தோட்டத்தில் வழுக்கும் சரிவில் கூடையோடு ஏறி, உச்சியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். முழுசாக உள்ளே போனது. தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

மறு வருடம் மழைக்கு முன்னால் ஜீப்பில் மதினியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

“நானே போட்டுட்டேன். ஒங்களுக்கு என்னடி வலிக்குது? வெரசா போயிப் போட்டுட்டு வாங்க!”